கண்ணாடியைத் தின்ற பொடி

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்தான்: தெருவே பெரிய சிஸ்டர் என்று அழைக்கும், ஆபரேஷன் தியேட்டர் கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள்; அவர் கணவர், பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்ததால் இன்றுவரை செக்கர் என்றே அறியப்படுபவர்; அவர்களுடைய மகள்; மருமகள்; செக்கரின் தங்கை; மகளுக்குப் பேசியிருந்த பையனின் அம்மா, லாண்டரி நடத்தும் சம்பந்தியம்மாள்; அவர் கணவர். மகன் வேலையாக வெளியூரில் இருந்தான். மாப்பிள்ளையாகப் போகிறவன் வரவில்லை.

இவர்களைத் தவிர ஒரு ஈ காக்கை அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்று நடந்ததைப் பற்றி அங்கே இல்லாதவர்கள்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். கல்யாணத் தேதி பேச வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டது. சம்பந்தியம்மாள் கண்ணாடி டம்ளரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புகை படிந்தது போல மங்கலாக இருந்தது. குடிக்காமல் தட்டிலேயே திரும்ப வைத்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"இந்த எச்சில் டம்ளர மட்டும் மாத்திக் குடுத்துடுங்க."

அவர் கணவர் தம் டம்ளரைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தார் என்பதை மட்டும் ஒருவரும் வெளியில் சொல்வதில்லை.

எச்சில். ஒரு வீட்டைப் பார்த்து அழுக்கு என்று சொன்னால் துடைத்துக்கொள்ளலாம். எச்சில் என்றால் அதற்குத் துடைப்பம் கிடையாது. யாரோ வாய் வைத்ததைக் கழுவாமல் என்னிடம் நீட்டினாய் என்று அர்த்தம். அதை யாரிடம் சொன்னார்கள்? தட்டைப் பார்க்காமலேயே கையை நீட்டிக் கத்தரியை வாங்கலாம், பெரிய சிஸ்டர் வைத்த தட்டு என்று சர்ஜன்கள் நம்பிய ஒரு மனுஷியிடம்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மகளுடைய கல்யாணம்கூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. அந்தச் சொல்லைச் சொன்னவர் வாயாலேயே அது திரும்பிப் போக வேண்டும். அதுவரை இந்த வீட்டு வாசலில் தலை நிமிர்ந்து நிற்பதாக இல்லை அவர்.

புதன்கிழமை காலையில் நாத்தனார் வந்து சேர்ந்தாள். செருப்பைக் கழற்றும்போதே வெற்றிச் செய்தி.

"அண்ணி, நான் பேசி முடிச்சிட்டேன். இனிமே நீங்க கவலைப்பட வேணாம்."

அவள் பேசி முடித்தது இப்படி. சம்பந்தியம்மாளுக்குப் பெரிய சிஸ்டர் மேல் ஒரு வருத்தமும் கிடையாதாம். அப்பேர்ப்பட்ட கை அப்படிச் செய்யாது என்று அவருக்கே தெரியுமாம். வினை எல்லாம் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும், பாத்திரம் கழுவும் அந்த டிஷ்வாஷரும், அதை வீட்டுக்குள் கொண்டுவந்த மருமகளும்தானாம். மிஷினை வெளியேற்றிவிட வேண்டும். இன்று சாயங்காலம் லாண்டரிக்குப் போய், மருமகள் பார்க்காமல் விட்டுவிட்டாள், இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். உடனே தேதி குறித்துவிடலாம்.

"ஒரே ஒரு வார்த்தை அண்ணி. உங்க பேர் தப்பிச்சிடும்."

செக்கர் பேப்பரை மடித்தார். "டிக்கெட் இல்லாதவன விட்டுட்டுப் பக்கத்து சீட்டுக்காரனுக்கு ஃபைன் போடற கதையா இருக்கே" என்றார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. பொண்ணப் பெத்தவர் பேசற பேச்சா இது" என்று தங்கை அடக்கினாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். பெரிய சிஸ்டருக்கு அந்த யோசனை கசக்கவில்லை. அந்த மிஷின் மேல் அவருக்கு முதல் நாளிலிருந்தே நல்ல எண்ணம் இல்லை. மங்கின டம்ளருக்கு அதைத் தவிர வேறு யார் காரணம்? மிஷின் யாருக்காக வந்தது? மருமகளுக்காக. கணக்கு நேராகத்தான் இருந்தது. நடையில் நின்றபடி மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

எழுந்து நேரே அடுப்படிக்குப் போனார்.

மருமகள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவள். நாள் முழுவதும் பல் அச்சு வார்க்கும் மாவும் அமிலமும் அரத்தூளும். விரல் இடுக்குகள் வெடித்துப் போய், இனிமேல் சோப்புத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று தோல் டாக்டர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் மகன் அந்த மிஷினை வாங்கி வைத்தான்.

வாங்கினது மகன். சட்டம் போட்டது பெரிய சிஸ்டர்.

ஆபரேஷன் தியேட்டரில் ஒரு விதி உண்டு. ரத்தக் கறையோடு எந்தக் கருவியும், கிருமி சாகக் கொதிக்க வைக்கும் பெட்டிக்குள் போகக்கூடாது. தேய்த்துக் கழுவிய பிறகுதான் போக வேண்டும். அந்த விதியை அவர் அப்படியே அடுப்படிக்கு இறக்கினார். எச்சில் தட்டு மிஷினுக்குள் போகக்கூடாது. எல்லார் எச்சிலையும் ஒரே தண்ணீரில் சுற்ற விடுவதா? முதலில் சோப்புப் போட்டுக் கையால் தேய்க்க வேண்டும், அலச வேண்டும், பிறகு அடுக்க வேண்டும். மிஷினுக்கான சோப்புப் பொடியை அதன் கிண்ணத்தில் கோபுரமாகக் குவிக்க வேண்டும்; சுத்தத்தில் சிக்கனம் பார்க்கிற வீடு இதில்லை. உப்புத் தண்ணீரை மிருதுவாக்க மிஷினில் உப்புப் போடுகிற இடத்தில் உப்புப் போடலாம், உப்பைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. மிஷினோடு வந்த ரின்ஸ் எய்ட் என்ற நீலப் புட்டிக்கு மட்டும் இடமே இல்லை. கடைசி அலசலில் கலந்து தட்டின் மேலேயே தங்குகிற மருந்தாம். சாப்பிடுகிற தட்டை மருந்தில் முடிப்பதா? கழிப்பறைக் கழுவும் புட்டிகளோடு அதைச் சேர்த்து வைத்துவிட்டார்.

இப்போது அவர் உள்ளே நுழைந்தபோது மருமகள் தொட்டியின் முன் நின்று, காலைத் தட்டுகளைச் சோப்பு நுரையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மிஷின் வாயைத் திறந்து காத்திருந்தது.

"உண்மையச் சொல்லு. அன்னைக்கு டம்ளர என்ன பண்ணின?"

"இப்ப பண்றதத்தான் அத்தே. நீங்க சொன்னபடி கையால கழுவினேன். நீங்க சொன்னபடி பொடி போட்டேன். நீங்க சொன்னபடி அந்த நீலத்தப் போடல."

குரலில் சூடு இல்லை. அதுதான் சுட்டது.

"அப்ப ஏன் மங்குச்சு?"

"கழுவினதாலதான்."

இதென்ன குதர்க்கம் என்று பெரிய சிஸ்டர் இடுப்பில் கை வைத்தார். தியேட்டர் விதியை எடுத்துச் சொன்னார். அதை மருமகள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இந்தத் தடவை குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"உங்க பெட்டி கொதிக்க வைக்கிற பெட்டி அத்தே. அதுக்குக் கழுவத் தெரியாது, அதனால நீங்க கழுவிக் குடுத்தீங்க. இது கழுவற மிஷின். அதுல போடற பொடி அழுக்கத் தேடிப் போய்த் திங்கற பொடி. மீதிய வழிச்சுக் குப்பையில போட்டுட்டு, கறையோட வெச்சா அது கறையத் திங்கும். கறையே இல்லாமப் பளபளன்னு குடுத்து, பொடியயும் மூடி மூட முடியாமக் குவிச்சா, அதுக்கு வேற என்ன கெடைக்கும்? கண்ணாடியத் திங்கும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். லேபுல தினம் பாக்கறேன். பல் மேல படிஞ்சது வேற, பல்லே அரிச்சுப் போனது வேற. படிஞ்சதுன்னா லேசான அமிலத்துல விட்டுடும். அரிச்சதுன்னா விடாது. வினிகர் இருக்கு, ஊற வெச்சுப் பாக்கலாமா?"

பரீட்சை என்று வந்தால் பெரிய சிஸ்டர் பின்வாங்குகிறவர் அல்ல. அன்று கூடத்துக்கு வந்த டம்ளர்கள் அத்தனையும் பாத்திரத்தில் இறங்கின. வினிகரை அவரே ஊற்றினார். நாத்தனார் எட்டிப் பார்த்து, ஊறுகாய் போடுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

காத்திருந்த நேரத்தில்தான் அவர் அந்தக் கையைப் பார்த்தார்.

பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. ஒரே வீட்டில் புழங்குகிற கை. ஆனால் நோயாளியின் கையைப் பார்க்கிற மாதிரி அன்றுதான் பார்த்தார். விரல் கணுக்களில் தோல் பிளந்து சிவந்திருந்தது. சோப்பு நுரை போய் உட்கார்ந்த இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று ஊறியிருந்தது. எந்த வார்டில் பார்த்திருந்தாலும், இந்தக் கையைத் தண்ணீரில் விட்டது யார் என்று அவர் வார்டையே இரண்டாக்கியிருப்பார்.

விட்டது யார்?

இந்தக் கைக்காக வந்த மிஷினின் முன்னால் நிறுத்தி, தினமும் இந்தக் கையையே தேய்க்க வைத்தது யார்?

"டாக்டர்கிட்ட திரும்பப் போனியா?"

"போனேன். மிஷின் வாங்கியுமா இப்படின்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது அத்தே. வீட்டு விஷயத்த வெளிய சொல்வாங்களா?"

அந்தப் பதில் பெரிய சிஸ்டரை உலுக்கிவிட்டது. குடும்ப மானம் குடும்ப மானம் என்று வீடு முழுக்க அவர் ஒருத்தர்தான் முழங்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது வேறொருத்தி. அவளைத்தான் இன்று சாயங்காலம் காட்டிக்கொடுத்துத் தன் பேரை மீட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். காலையில் அதைக் கேட்டுவிட்டு மறுப்பு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தவர் யார்? கோபம் எங்கே போவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி அவரிடமே வந்து நின்றது.

டம்ளர்களை வெளியே எடுத்து அலசிப் பார்த்தார்கள். பெரும்பாலானவை தெளிந்துவிட்டன, பொடி படிந்த மூட்டம்தான் அது. இரண்டு மட்டும் அப்படியே இருந்தன. ஈரமாக இருந்தபோது தெளிவாகத் தெரிந்து, காயக் காயத் திரும்பவும் மங்கின. நகத்தால் தடவினால் சொரசொரப்பு. இனி எதைப் போட்டாலும் திரும்பாது. கண்ணாடியே தேய்ந்துவிட்டது.

"ஓவர் டோஸ்" என்றார் பெரிய சிஸ்டர். ஒரு நர்ஸ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளக்கூடிய சொற்களில் அதைவிட மோசமானது இல்லை.

பிறகு புட்டிகளுக்கு நடுவிலிருந்து நீலப் புட்டியை அவரே எடுத்து வந்தார். இது எதற்கு என்று இந்த முறை கேட்கிற விதமாகக் கேட்டார்.

கடைசி அலசலில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்து ஓடிவிடும் என்று மருமகள் சொன்னாள். முத்தாக நின்று காய்ந்தால்தான் புள்ளி விழும். தட்டில் கெட்டியாகத் தங்குகிற அளவுக்கு இது வராது, சில சொட்டு. மிஷினில் அதை ஊற்றும் துளைக்குப் பக்கத்திலேயே அளவு திருகு இருக்கிறது. புள்ளி விழுந்தால் கொஞ்சம் கூட்ட வேண்டும். கண்ணாடியில் நீல நிறமாக வரி ஓடினால் குறைக்க வேண்டும்.

"நடுவுல வெச்சு ஆரம்பிச்சு, நோயாளியப் பாத்து மாத்தணும். அவ்வளவுதானே" என்றார் பெரிய சிஸ்டர். இத்தனை வருஷம் அவர் பார்த்த வேலையே அதுதான்.

தொட்டியில் இன்னும் கழுவாமல் கிடந்த தட்டுகளை அவரே எடுத்தார். ஒட்டியிருந்ததை வழித்துக் குப்பையில் போட்டார். எண்ணெய்க் கறையும் காப்பிக் கறையும் முகத்துக்கு நேரே சிரித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு, எச்சில் தட்டு என்று தெரிந்தே, முதல் தட்டை மிஷினுக்குள் வைத்தார். ஒன்றன் மேல் ஒன்று ஒட்டாமல், முகம் நடுவைப் பார்க்க. பொடியைக் கிண்ணத்தில் பாதிக்கும் கீழே போட்டு மூடியை அழுத்தினார். அது டக்கென்று மூடிக்கொண்டது. கோபுரமாகக் குவித்த நாட்களில் அது ஒருநாளும் அப்படி மூடியதில்லை.

மிஷின் ஓடி முடிந்து கதவைத் திறந்தபோது, செக்கர் தம் டம்ளரைக் கூடத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, டிக்கெட்டைப் பார்ப்பது போல இரண்டு பக்கமும் பார்த்தார்.

"செல்லும்" என்றார்.

சாயங்காலம் லாண்டரிக்குப் புறப்படும்போது மகளும் வருவேன் என்று நின்றாள். கல்யாணப் பெண் அங்கே எதற்கு என்று நாத்தனார் தடுத்தாள். பேச்சு யாருடைய கல்யாணத்தைப் பற்றி என்று மகள் கேட்டதும், அதற்கு மேல் தடுக்க வழியில்லை. மருமகள் லேபுக்குப் போயிருந்தாள்.

லாண்டரியில் ஓட்டல் விரிப்புகள் மலையாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே நீராவி இஸ்திரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சம்பந்தியம்மாள் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, முகம் கொள்ளாமல் சிரித்தார். மன்னிக்கத் தயாராகிவிட்டவர்களின் சிரிப்பு அது. நாத்தனார் எல்லாம் சொல்லிவிட்டாள் என்றும், மருமகள் செய்ததற்குப் பெரியவர்கள் என்ன செய்ய முடியும் என்றும், தம் கடையிலும் இப்படிக் கவனம் இல்லாத ஆட்களோடு படாத பாடு படுவதாகவும் ஆறுதல் சொன்னார்.

பெரிய சிஸ்டர் கைப்பையிலிருந்து இரண்டு டம்ளர்களை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்று தெளிந்தது. ஒன்று தேய்ந்தது.

"உத்தரவு என்னுது சம்பந்தியம்மா. மருமக அதச் செஞ்சா, அவ்வளவுதான். ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கழுவி, பொடிய அள்ளிக் கொட்டி, கடைசித் தண்ணியில போட வேண்டியதப் போடாம விட்டது நான். பேர் சொல்லணும்னா என் பேரச் சொல்லுங்க. மிஷின் எங்க வீட்டுலதான் இருக்கும்."

நாத்தனார் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். சம்பந்தியம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அதெல்லாம் சரி. ஆனா டம்ளர் நல்லா இல்லங்கறது நெசந்தானே?"

"நெசம். மங்கி இருந்துச்சு. நீங்க மங்கல்னு சொல்லலயே. உங்க கடையில சோப்பு அதிகமாப் போய் வெள்ளை விரிப்பு பழுப்பேறி வர்றது உண்டா இல்லையா?"

"எந்த லாண்டரியிலயும் உண்டு."

"அத ஒருத்தர் கையில எடுத்துப் பாத்துட்டு, யாரோ படுத்துப் புரண்ட விரிப்பத் துவைக்காமயே மடிச்சுக் குடுத்துட்டாங்கன்னு ஆள் கூட்டத்துல சொன்னா?"

சம்பந்தியம்மாளின் முகம் சிவந்தது. அவரும் தொழில்காரி. "அந்த விரிப்ப வாங்கி அவங்க மூஞ்சியிலயே எறிவேன்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எதற்குப் பதில் சொன்னோம் என்று உறைத்தது.

"நான் எதையும் எறிய வரல. உங்க சொல்ல உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டுப் போக வந்தேன்."

உள்ளே இஸ்திரி ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. சம்பந்தியம்மாள் தேய்ந்த டம்ளரை எடுத்தார். கட்டை விரலால் உள்பக்கம் அழுத்தித் தடவினார். துணியின் தேய்மானத்தைப் பார்க்கிற விரல் அது, பொய் சொல்லாது.

"அரிச்சிருக்கு" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "எச்சில்னு சொன்னது தப்புத்தான். வாபஸ்" என்றார்.

அவ்வளவுதான். அதற்குமேல் அவரிடமிருந்து ஒரு சொல் பெயராது என்று பெரிய சிஸ்டருக்குத் தெரியும். அவராக இருந்தாலும் அவ்வளவுதான் சொல்லியிருப்பார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் நகர்ந்தது. நாத்தனார் சட்டென்று உயிர் வந்தவளாக, அப்புறம் என்ன, தேதியைப் பேசிவிடலாமே என்றாள். சம்பந்தியம்மாளும் தலையாட்டிவிட்டுக் காலண்டரை எடுக்கப் போனார்.

அப்போதுதான் அதுவரை வாயே திறக்காத மகள் பேசினாள்.

"ஒரு சந்தேகம் அத்தே. உங்க வீட்டுல நாளைக்கு ஒரு டம்ளர் மங்கினா, யார் பேரச் சொல்வீங்க?"

சம்பந்தியம்மாள் காலண்டரோடு நின்றார்.

"என்ன கேள்வி இது?"

"எங்க அண்ணி பேரச் சொன்னாத் தேதி குறிக்கலாம்னு காலையில சொல்லி விட்டீங்க. உங்க வீட்டுக்கு நானும் மருமகளாத்தான் வரப்போறேன். அதான் கேட்டேன்."

சம்பந்தியம்மாள் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார் விரிப்பு மலையைப் பார்த்தாள். பெரிய சிஸ்டர் மகளை அடக்க நீட்டிய கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"இப்பவே சொல்லணும்னு இல்ல. யோசிச்சு, உங்க மகன்கிட்டயும் கலந்து பேசிட்டுச் சொல்லுங்க. தேதி அப்புறம் பாத்துக்கலாம்" என்று மகள் மரியாதையாகவே சொல்லிவிட்டு, டம்ளர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

எச்சில் டம்ளரால் இந்தக் கல்யாணம் நின்றுவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். எச்சில் டம்ளர் என்று எதுவும் இருக்கவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. கல்யாணம் நிற்கவும் இல்லை. தேதிதான் தள்ளிப் போயிருக்கிறது. தள்ளி வைத்தது பெண்.